இழை எங்கே அறுகிறது: எக்ஸ், மாஸ்டடன், புளூஸ்கை, த்ரெட்ஸ்

கேள்வி இதுதான்: பதினைந்து இருபது பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை ஓர் அறிவியல் தலைப்பை எடுத்துக்கொண்டு தமிழில் குறும்பதிவுகளாகப் பேச வேண்டும். ஒருவர் கேட்பார், நாலு பேர் பதில் சொல்வார்கள், அதில் ஒரு பதிலை இன்னொருவர் மறுப்பார். மறுநாள் வந்து படிப்பவருக்கும் யார் எதற்குப் பதில் சொன்னார் என்று புரிய வேண்டும். எக்ஸில் நடத்திப் பார்த்தபோது பாதிப் பதில்கள் கண்ணிலேயே படவில்லை. மாஸ்டடன், புளூஸ்கை, த்ரெட்ஸ் இவற்றில் எது சரிப்படும்?

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மாஸ்டடன் ஒரே இடத்தில் இல்லாமல் பல தனித்தனி சர்வர்களில் ஓடுகிறது; எல்லோரும் ஒரே மாஸ்டடன் சர்வரில் கணக்கு தொடங்கச் சம்மதித்தால் அதுதான் நல்லது. ஆளுக்கொரு பக்கம்தான் இருப்பார்கள் என்றால் புளூஸ்கை. ஒருவர் நீளமாக எழுத ஆயிரம் பேர் வாசிப்பதற்கு எக்ஸ் இன்றும் உதவும். இருபது பேர் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள உதவாது. த்ரெட்ஸ் நடுவில் நிற்கிறது.

இதை ஒவ்வொரு தளத்தின் திரையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோடு போட்டிருக்கிறதா, உள்தள்ளிக் காட்டுகிறதா என்பதெல்லாம் ஒரு அப்டேட்டில் மாறிவிடும். பார்க்க வேண்டியவை மூன்று. பதில் எழுதும்போது அது எதற்குப் பதில் என்று எந்த அளவுக்குக் குறித்து வைக்கப்படுகிறது? அந்தப் பதிலின் நகல் யார் யாரிடம் போய்ச் சேர்கிறது? நடுவில் ஒரு கண்ணியை அறுக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? நான்கு தளங்களும் இந்த மூன்றில்தான் உண்மையாக வேறுபடுகின்றன.

எக்ஸிலிருந்து தொடங்குவோம், மற்றவை எல்லாம் அதைப் பார்த்துத்தான் தங்கள் முடிவுகளை எடுத்தன. எக்ஸின் பழைய பெயர் ட்விட்டர். 2006இல் அது வந்தபோது பதில் என்ற ஏற்பாடே கிடையாது. பெயருக்கு முன்னால் அட் குறி போட்டு எழுதுவது பயனர்கள் தாங்களாகக் கொண்டுவந்த வழக்கம். 2007இல் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. அப்போது அந்தக் குறி ஆளைத்தான் காட்டியது, பதிவைக் காட்டவில்லை. நீங்கள் காலையில் போட்ட பதிவுக்கு ஒருவர் மாலையில் பதில் எழுதினால், அது உங்கள் கடைசிப் பதிவோடு போய் ஒட்டிக்கொள்ளும். குறிப்பிட்ட பதிவின் எண்ணோடு பதிலை இணைப்பது பின்னால்தான் நிலைபெற்றது.

2009 மே மாதம் இன்னொரு திருப்பம். நாம் பின்தொடர்பவர், நாம் பின்தொடராத ஒருவருக்கு எழுதும் பதில்களையும் பார்க்கலாம் என்றொரு தெரிவு அதுவரை இருந்தது. அதை ட்விட்டர் எடுத்துவிட்டது. பெரிய எதிர்ப்பு கிளம்பியும் பழைய நிலை திரும்பவில்லை. அன்றிலிருந்து, உரையாடலின் இரு முனையில் இருப்பவரையும் பின்தொடர்ந்தால்தான் பதில் உங்கள் டைம்லைனில் வரும் என்பது குறும்பதிவு உலகின் பொது விதிபோல ஆகிவிட்டது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துப் பதிலை எல்லோருக்கும் காட்டும் பழக்கம் இதற்கு மக்கள் கண்டுபிடித்த மாற்றுவழி. மாஸ்டடன் முகப்பிலும் இதே விதிதான் இன்றும் ஓடுகிறது. உங்கள் குழுவுக்கு இதன் பொருள்: உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பின்தொடராவிட்டால் பாதிப் பேச்சு அவரவர் முகப்புக்கு வரவே வராது. எந்தத் தளமானாலும் முதல் வேலை, இருபது பேரும் மற்ற பத்தொன்பது பேரையும் பின்தொடர்வது.

2013 ஆகஸ்டில் பதில்களை நீலக் கோட்டால் இணைத்துக் காட்டினார்கள். 2017 மார்ச்சில் பதில் பெறுவோரின் பெயர்கள் எழுத்துக் கணக்கிலிருந்து நீங்கின. அதே ஆண்டு டிசம்பரில், கூட்டல் குறியை அழுத்தி 25 பதிவுகள் வரை ஒரே மூச்சில் எழுதி வெளியிடும் வசதி வந்தது. இவை எல்லாம் ஒருவர் தொடர்ந்து எழுதுவதற்கான வசதிகள் என்பதைக் கவனியுங்கள். பலர் பேசும் கிளைகளை ஒழுங்காகக் காட்டும் முயற்சி ஒன்றும் நடந்தது. 2019இல் தனியாக ஒரு சோதனைச் செயலி விட்டு, பதில்களை உள்தள்ளி, கிளை கிளையாகக் காட்டினார்கள். 2020 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். படிக்கவும் கலந்துகொள்ளவும் கடினமாக இருக்கிறது என்று பயனர்கள் சொன்னதைக் காரணமாகக் கூறினார்கள். அந்தக் காரணத்தில் உண்மை இருக்கிறது. கைபேசித் திரையில் நாலாவது உள்தள்ளலுக்கு மேல் ஒரு வரிக்கு இரண்டு தமிழ்ச் சொல்கூட நிற்காது.

இப்போது உங்கள் குறைக்கு வருகிறேன். எக்ஸில் ஒவ்வொரு பதிலிலும் இரண்டு எண்கள் குறிக்கப்படுகின்றன: எந்தப் பதிவுக்கு நேரடிப் பதில், எந்த மூலப் பதிவின் கீழ் வரும் உரையாடல். எல்லாப் பதிவும் ஒரே நிறுவனத்தின் கிடங்கில் இருப்பதால் நகல் காணாமல் போவதும் இல்லை. ஆக இழை, அதாவது ஒரு பதிவும் அதன் கீழ் வரும் பதில்களும் சேர்ந்த தொடர், முழுசாகத்தான் இருக்கிறது. காட்டுவதில்தான் கோளாறு. பதில்கள் தாமாக நேர வரிசையில் வருவதில்லை. தளம் போடும் தர வரிசையில் வருகின்றன, அதில் கட்டணம் செலுத்தும் கணக்குகளுக்கு முன்னுரிமை உண்டு. கீழே தள்ளப்பட்டவை ‘மேலும் காட்டு’ என்ற பொத்தானுக்குப் பின்னால் போய்விடும். 2023இன் நடுப்பகுதியிலிருந்து லாக்-இன் செய்யாமல் வருபவர் ஒற்றைப் பதிவைத்தான் பார்ப்பார், அதன் கீழுள்ள பதில்களைப் பார்க்க முடியாது. இது போதாதென்று, பாதிப் பேர் பதில் பொத்தானை விட்டுவிட்டு மேற்கோள் காட்டி எழுதியிருப்பார்கள். மேற்கோள் பதிவு என்பது புது உரையாடல். அதற்கு வேறு எண். மூலப் பதிவின் கீழே அது வராது, அதன் கீழ் நடக்கும் வாக்குவாதமும் வராது.

ஏற்கெனவே நடந்த கூட்டத்தை மீட்க ஒரு வழி உண்டு. மூலப் பதிவைத் திறந்தால் முகவரியின் கடைசியில் நீளமான எண் ஒன்று இருக்கும். தேடல் பெட்டியில் ‘கான்வர்சேஷன்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு அடிக்கோடு, ‘ஐடி’, ஒரு முக்காற்புள்ளி, பிறகு இடைவெளி விடாமல் அந்த எண். வரும் முடிவுகளில் ‘அண்மையவை’ பகுதியைத் திறந்தால் அந்த இழையின் பதில்கள் நேர வரிசையில் கிடைக்கும். மேற்கோள் பதிவுகளை மட்டும் தனியே, மூலப் பதிவின் மேற்கோள் பட்டியலைத் திறந்து எடுக்க வேண்டும்.

மாஸ்டடன் கதை நேர் எதிர். இங்கே காட்டுவதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. தர வரிசை கிடையாது, நடுவில் நுழையும் விளம்பரம் கிடையாது. கோளாறு, நகல் போய்ச் சேர்வதில். 2016இல் ஆய்கன் ரோக்கோ தொடங்கிய இந்த மென்பொருளை ஆயிரக்கணக்கான சர்வர்கள் தனித்தனியாக நடத்துகின்றன. 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்ற ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் அவை ஒன்றோடொன்று பேசுகின்றன. ஒவ்வொரு பதிலிலும் ‘இதற்குப் பதில்’ என்று தாய்ப் பதிவின் முகவரி இருக்கும். அது ஒன்றுதான். மூலப் பதிவு எது என்பதை அந்தந்த சர்வர், கண்ணி கண்ணியாக மேலே ஏறித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கிட்டே வைத்துப் பார்ப்போம். ‘அ’ சர்வரில் ஒருவர் கேள்வி போடுகிறார். ‘ஆ’ சர்வரிலிருந்து ஒருவர் பதில் எழுதுகிறார். ‘இ’ சர்வரில் இருக்கும் நீங்கள் கேள்வி கேட்டவரை மட்டும் பின்தொடர்கிறீர்கள். ‘ஆ’ எழுதிய பதில் கேள்வி கேட்டவரின் சர்வருக்குப் போகும். அந்த சர்வர் அதைத் தன் ஆளைப் பின்தொடர்வோரின் சர்வர்களுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு மாஸ்டடனில் உண்டு. ஆகவே முதல் நிலைப் பதில் பெரும்பாலும் உங்களுக்கு வந்துவிடும். அடுத்து ‘ஈ’ சர்வரில் இருப்பவர், ‘ஆ’ எழுதிய பதிலுக்கு ஒரு மறுப்பு எழுதுகிறார். அது ‘ஆ’ சர்வருக்கும், ‘ஆ’விலிருப்பவரைப் பின்தொடர்வோருக்கும், ‘ஈ’யிலிருப்பவரைப் பின்தொடர்வோருக்கும் போகும். நீங்கள் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. உங்கள் சர்வருக்கு அந்த மறுப்பு வரவே இல்லை. உங்கள் திரையில் இழை ஒழுங்காக முடிந்தது போலத் தெரியும். ஏதோ விடுபட்டது என்ற அடையாளம்கூட இருக்காது. இந்தச் சத்தமில்லாத இழப்புதான் மாஸ்டடனில் உரையாடல் நடத்துபவரை அதிகம் பாதிப்பது. ஒரே கேள்விக்கு ஒரே பதிலை ஏழு பேர் எழுதுவார்கள், மற்ற ஆறும் தங்களுக்குத் தெரியாததால்.

பழைய பதிவு ஒன்றை யாரோ மறுபகிர்வு செய்து அது முதன்முதலாக உங்கள் சர்வருக்கு வரும்போதும் இதே நிலைதான். அதுவரை நடந்த பேச்சு கூடவே வராது. 2025 நவம்பரில் வந்த 4.5 பதிப்பு, ஓர் இழையைத் திறக்கும்போது மற்ற சர்வர்களில் இருக்கும் பதில்களையும் தேடி இழுத்துவரும் வசதியைத் தருகிறது. உங்கள் சர்வர் அந்தப் பதிப்புக்கு மாறியிருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். மாறியிராவிட்டால் கைவழி: விடுபட்ட பதிவின் மூல முகவரியை எடுத்து உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அந்தப் பதிவு இழுத்துவரப்பட்டு இழையில் தன் இடத்தில் உட்காரும். எல்லோரும் ஒரே சர்வரில் இருந்தால் இந்தப் பத்தி முழுக்க உங்களுக்குத் தேவையில்லை. எல்லாப் பதிலும் ஒரே கிடங்கில். முதலிலேயே ஒரே சர்வர் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

மாஸ்டடனில் இன்னும் மூன்று இடங்களில் தவறு நேரும்.

பதில் எழுதும் பெட்டியில் பெறுநரின் பெயர் எழுத்தோடு எழுத்தாக இருக்கும். இடம் அடைக்கிறதே என்று அதை அழித்தால், இழையோடு இணைப்பு இருந்தாலும் அவருக்கு நோட்டிபிகேஷன் போகாது. அவர் வேறு சர்வரில் இருந்தால் பதிலே போய்ச் சேராமல் போகலாம். பெயரை விட்டுவையுங்கள்.

பின்தொடர்வோருக்கு மட்டும் என்று போட்ட பதிவுக்கு நீங்கள் அதே அளவில் பதில் எழுதினால், அது உங்களைப் பின்தொடர்வோருக்குப் போகும், அவரைப் பின்தொடர்வோருக்கு அல்ல. இரண்டு வட்டமும் வேறு வேறு. மூலப் பதிவே தெரியாதவர் பதிலை மட்டும் பார்ப்பார். மூலப் பதிவைப் பார்ப்பவருக்குப் பதில் தெரியாது. குழு உரையாடலுக்கு இந்த அளவு உதவவே உதவாது. பொதுவில் போடுங்கள், அல்லது பொதுப் பட்டியலில் காட்டாத அளவில் போடுங்கள். நீள இழையில் முதல் பதிவைப் பொதுவாகவும் அடுத்தடுத்தவற்றைப் பட்டியலில் வராதவையாகவும் போடுவது மாஸ்டடன் வழக்கம். ஒருவர் தனக்குத் தானே எழுதும் தொடர்பதில்கள் சர்வரின் பொது டைம்லைனில் வந்து குவியும் என்பதால் வந்த மரியாதை அது.

மூன்றாவது, தனிப்பட்ட செய்தி. மாஸ்டடனில் அதுவும் ஒரு பதிவுதான், பெயர் குறிப்பிட்டவருக்கு மட்டும் தெரியும் பதிவு. அதற்குள் மூன்றாவது ஆளின் பெயரை அட் குறியோடு எழுதினால் அவருக்கும் அது போய்விடும். ஒருவரைப் பற்றிப் பேசும்போது அட் குறியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதுங்கள்.

புளூஸ்கை இந்த இரண்டு அனுபவங்களையும் பார்த்த பிறகு வந்தது. அதன் பதில் அமைப்பு நான்கில் மிகத் தெளிவானது என்பது என் கருத்து. ஒவ்வொரு பதிலும் இரண்டு முகவரிகளைத் தன்னுள் சுமக்கிறது: மூலப் பதிவு, தாய்ப் பதிவு. முகவரியோடு அந்தப் பதிவின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஒரு குறியீடும் சேர்ந்திருக்கும். நடுவில் ஒரு கண்ணி அழிந்தாலும் கீழே இருப்பவை எந்த மூலத்தைச் சேர்ந்தவை என்று அவையே சொல்லும். பதிவுகள் அவரவர் கிடங்கில் தனித்தனியாக இருந்தாலும், எல்லாவற்றையும் திரட்டிப் பார்வைக்கு வைக்கும் சேவை ஒன்று நடுவில் இருப்பதால் மாஸ்டடன்போல் பதில்கள் சத்தமில்லாமல் காணாமல் போவதில்லை. அதற்கு ஒரு விலை உண்டு: அந்தத் திரட்டும் சேவை பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

அமைப்புகளில் உரையாடல் பகுதிக்குப் போனால் பதில்களைப் பழையது முதலில், புதியது முதலில் என்றெல்லாம் வரிசைப்படுத்தலாம். கிளைவடிவக் காட்சியையும் இயக்கலாம். உங்கள் குழுவில் எல்லோரும் ‘பழையது முதலில்’, ‘கிளைவடிவம்’ இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது அவரவர் கணக்கின் அமைப்பு. நீங்கள் வைத்தால் உங்களுக்கு மட்டும்தான் மாறும், அதனால் ஒவ்வொருவரும் செய்ய வேண்டும்.

யார் பதில் எழுதலாம் என்பதற்கு மூலப் பதிவில் ஒரு வாசல் வைக்கலாம்: யாருமில்லை, குறிப்பிடப்பட்டவர்கள், உங்களைப் பின்தொடர்பவர்கள், நீங்கள் பின்தொடர்பவர்கள், அல்லது நீங்கள் உருவாக்கிய ஒரு பட்டியலில் உள்ளவர்கள். உங்களுக்கு வேண்டியது இந்தக் கடைசி வகை. இருபது பேரையும் ஒரு பட்டியலில் போட்டு, மூலப் பதிவில் அந்தப் பட்டியலை வாசலாக வையுங்கள். வெளியார் எல்லோரும் படிக்கலாம், இருபது பேர்தான் பேசலாம். பதிவிட்ட பிறகும் இதை மாற்றலாம் என்பதால், பேச்சு முடிந்த அடுத்த நாள் எல்லோருக்கும் திறந்துவிடவும் முடியும். வாசல் மூலப் பதிவுக்கு மட்டுமே உண்டு, நடுவிலுள்ள ஒரு கிளையை மட்டும் தனியே மூட முடியாது. உங்கள் பதிவை யாராவது கேலியாக மேற்கோள் காட்டினால் அந்த மேற்கோளிலிருந்து உங்கள் பதிவைப் பிரித்தெடுக்கும் வசதியும் உண்டு. மேற்கோளால் பேச்சு சிதறும் தொல்லைக்கு எக்ஸில் இப்படிப்பட்ட கைப்பிடி கிடையாது.

புளூஸ்கையில் கவனிக்க வேண்டிய ஆபத்து, பிளாக். அங்கே அது மிகக் கடுமையாக வேலை செய்கிறது. இருவரில் ஒருவர் மற்றவரை பிளாக் செய்திருந்தால், அந்த இருவருக்கும் இடையிலான பதில்களின் கண்ணி மற்ற எல்லோருக்கும் அறுந்துபோகிறது. அந்த இடத்தில் ‘பிளாக் செய்யப்பட்ட பதிவு’ என்ற பலகைதான் நிற்கும். தொல்லைக்கு ஆளானவரைக் காப்பாற்ற இது நல்ல ஏற்பாடு, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் உங்கள் இருபது பேரில் இருவர் எப்போதோ மனக்கசப்பில் பிளாக் செய்துகொண்டிருந்தால், அவர்கள் வழியாகப் போகும் கிளை ஒவ்வொன்றும் குழு முழுவதுக்கும் ஓட்டையாகும். தொடங்கும் முன் எல்லோரையும் தங்கள் பிளாக் பட்டியலைப் பார்க்கச் சொல்வது நல்லது. எக்ஸில் 2024 நவம்பரிலிருந்து நிலை வேறு: பிளாக் செய்யப்பட்டவர் பொதுப் பதிவைப் படிக்கலாம், பதில்தான் போட முடியாது.

த்ரெட்ஸ் பற்றி நிறையச் சொல்ல இல்லை. 2023 ஜூலையில் மெட்டா தொடங்கியது, பதிவுக்கு 500 எழுத்து, யார் பதில் எழுதலாம் என்ற கட்டுப்பாடு உண்டு. இன்ஸ்டாகிராம் வைத்திருப்பவர் ஒரு நிமிடத்தில் உள்ளே வந்துவிடலாம் என்பதே அதன் பெரிய பலம். பதில்களின் உள் அடுக்குகளைத் தட்டித் தட்டித்தான் திறக்க வேண்டும். 2025 செப்டம்பர் முதல் ஒரு பதிவோடு 10,000 எழுத்து வரையான உரையை இணைக்கலாம். உங்கள் தலைப்பு அறிமுகத்தை அங்கே ஒரே துண்டாகப் போடுவதற்கு அது நல்ல வசதி.

இனி தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய ஒரு கணக்கு. இதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் இழை எத்தனை துண்டாகும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. ‘கொடுக்கிறார்கள்’ என்ற சொல்லை எடுங்கள். நம் கணக்கில் கொ, டு, க், கி, றா, ர், க, ள் என்று எட்டு எழுத்து. கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி, புள்ளியும் தனி. அகர உயிர்மெய்யான ‘க’ ஒன்று மட்டும் ஒற்றைக் குறி, மற்ற ஏழும் இரட்டை. ஆக மொத்தம் பதினைந்து. எக்ஸ் இந்தப் பதினைந்தை எண்ணுகிறது. மாஸ்டடனும் புளூஸ்கையும் திரையில் ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒன்றாக எண்ணுகின்றன, அதாவது எட்டு.

விளைவு என்ன? எக்ஸின் 280 என்பது தமிழில் ஏறக்குறைய 170 எழுத்துதான். புளூஸ்கையின் 300, முந்நூறாகவே கிடைக்கும்; அங்கே 3,000 பைட் என்று இன்னொரு வரம்பும் இருக்கிறது, ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் என்று கணக்கிட்டாலும் 300 எழுத்தில் நீங்கள் அதைத் தொடமாட்டீர்கள். மாஸ்டடனின் 500 ஐந்நூறுதான். சில சர்வர்கள் இதைவிடக் கூடுதலாகவும் வைத்திருக்கின்றன. ஓர் ஆயிரம் எழுத்து வாதத்தை வைக்க எக்ஸில் ஆறு பதிவு, புளூஸ்கையில் நாலு, மாஸ்டடனில் இரண்டு வேண்டும். ஆறு பதிவென்றால் மற்றவர் பதிலை மாட்டுவதற்கு ஆறு கொக்கி. சிலர் முதலாவதில் மாட்டுவார்கள், சிலர் நாலாவதில், சிலர் கடைசியில். துண்டு கூடக் கூடக் கிளையும் கூடும். எக்ஸில் உங்கள் பேச்சு சிதறியதற்குத் தர வரிசைக்கு இணையாக இதுவும் ஒரு காரணம். எக்ஸில் கட்டணக் கணக்கு வைத்திருப்பவர் 25,000 வரை எழுதலாம் என்றாலும் குழுவில் எல்லோரும் அப்படி இருப்பார்களா?

அழித்தால் என்ன ஆகும் என்பதிலும் மூன்று தளங்கள் மூன்று விதம். பத்துப் பதிவுள்ள ஒரு தொடரில் ஐந்தாவதை அழிக்கிறீர்கள் என்று வையுங்கள். எக்ஸில், கீழிருந்து மேலே வருபவருக்கு அந்த இடத்தில் பதிவு அழிக்கப்பட்டதாக அறிவிப்பு தெரியும். மேலிருந்து கீழே படிப்பவர் நாலாவதோடு நின்றுவிடுவார். மாஸ்டடனில் ஆறாவதின் ‘இதற்குப் பதில்’ என்ற குறிப்பு வெறுமையாகிவிடும். ஆறு முதல் பத்து வரை தனித் தொடராகப் பிரிந்து போகும். மேல்பாதியோடு அதற்குத் தொடர்பு இருந்ததற்குத் தடயமே இருக்காது. புளூஸ்கையில் ஆறாவதிடம் மூலத்தின் முகவரியும் இருக்கிறது, அழிந்த தாயின் முகவரியும் இருக்கிறது. அதைத் திறந்தால் அழிக்கப்பட்ட பதிவு என்ற பலகை வந்து நிற்கும்.

அதனால் எழுத்துப்பிழைக்காக எந்தப் பதிவையும் அழிக்காதீர்கள். மாஸ்டடனில் ‘அழித்து மீண்டும் எழுது’ என்று ஒரு தெரிவு கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. அதை அழுத்தினால் வருவது புதுப் பதிவு. பழையதற்கு வந்த பதில்கள் அநாதையாகிவிடும். அதற்குப் பதிலாகத் ‘திருத்து’ என்பதைப் பயன்படுத்துங்கள். 2022இலிருந்து அது இருக்கிறது, இழை அப்படியே நிற்கும். எக்ஸில் திருத்தும் வசதி கட்டணக் கணக்குக்கு மட்டும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். புளூஸ்கையில் திருத்தவே முடியாது. பிழை நேர்ந்தால் அதற்குக் கீழேயே ஒரு திருத்தப் பதில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கூட்டத்தை நடத்தும் முறை எல்லாத் தளத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் தலைப்பும் தேதியும் மட்டும் உள்ள மூலப் பதிவு. அடுத்து நாலு அல்லது ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றும் மூலப் பதிவுக்கே நேரடிப் பதிலாக. ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடுக்காதீர்கள்; கூட்டல் குறி வசதி அப்படித்தான் தொடுக்கும், ஆகவே இங்கே அதைப் பயன்படுத்த வேண்டாம். ஒவ்வொரு முறையும் மூலப் பதிவைத் திறந்து பதில் பொத்தானை அழுத்தி எழுதுங்கள். இப்படிச் செய்தால் மரத்துக்கு ஐந்து பெரிய கிளை கிடைக்கும், ஒவ்வொரு கேள்வியின் விவாதமும் அதனதன் கிளையில் வளரும். சங்கிலியாகத் தொடுத்தால் மூன்றாவது கேள்விக்கான விடைகள், நாலாவது கேள்வி, அதற்கான விடைகள் எல்லாம் ஒரே அடுக்கில் கலந்துவிடும்.

கேள்விகளுக்கு எண் கொடுங்கள். பதில் எழுதுபவரும் அந்த எண்ணோடு தொடங்கட்டும். ‘கே3: ஒளிச்சேர்க்கையில் பச்சை ஒளி முழுக்க வீணாகிறதா?’ என்றால், ‘ப3:’ என்று விடை தொடங்கும். யாராவது தவறான இடத்தில் பதிலை மாட்டிவிட்டாலும் அது எந்தக் கேள்விக்கு என்பது தெரியும். குழுவுக்கென்று ஒரு ஹாஷ்டேக் வைத்து ஒவ்வொரு பதிவிலும் போடச் சொல்லுங்கள். மாஸ்டடனில் சர்வர்கள் வேறாக இருந்தால் இது இரட்டிப்புப் பயன். ஹாஷ்டேக்கைப் பின்தொடர முடியும் என்பதால், உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்தும் முகப்பில் காட்டப்படாத பதில்கள் அந்த வழியில் கண்ணில் படும்.

பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மேற்கோள் காட்டக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள். நீள விடை எழுதுபவர், மறுநாள் வந்து மேலும் ஒன்று சேர்க்க நினைத்தால் தன் கடைசிப் பதிவைத் திறந்து அதற்குத்தான் பதில் எழுத வேண்டும். அவசரத்தில் முதல் பதிவுக்குப் பதில் போட்டுவிடுவார்கள். தொடர் இரண்டாகக் கவைத்துவிடும், பாதி வாசகர்கள் ஒரு கவையை மட்டும் படித்துவிட்டு விடை முடிந்தது என்று நினைப்பார்கள். ஓர் இழையில் நோட்டிபிகேஷன் தாங்க முடியாமல் போனால் ஆளை மியூட் செய்ய வேண்டாம். மாஸ்டடனிலும் புளூஸ்கையிலும் அந்த உரையாடலை மட்டும் மியூட் செய்யலாம். எக்ஸில் 2022இலிருந்து உரையாடலிலிருந்து விலகும் தெரிவு இருக்கிறது; அது உங்கள் பெயருக்கான இணைப்பையும் நீக்கிவிடும்.

கடைசியாக, பேசியதைச் சேமிப்பது. உங்களில் நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் புளூஸ்கையிலும் மாஸ்டடனிலும் முழு இழையையும் கட்டணமின்றி எடுத்துவிடலாம். எக்ஸ் 2023இல் இதைக் கட்டணச் சேவையாக்கிவிட்டது. இரண்டு இடத்திலும் வரம்பு கவனம். புளூஸ்கையின் இழை வினவல் எதுவும் சொல்லாவிட்டால் ஆறு அடுக்கு ஆழம்தான் தரும். ஆயிரம் வரை கேட்கலாம், கேட்க வேண்டும். மாஸ்டடனில் லாக்-இன் இல்லாமல் கேட்டால் மேலே 40 பதிவு, கீழே 60 பதிவு, 20 அடுக்கு ஆழம், அத்தோடு நின்றுவிடும். இருபது பேர் ஒரு மாலை பேசினால் அறுபதைத் தாண்டிவிடும். லாக்-இன் செய்த கணக்கின் சாவியோடு கேட்டால் 4,096 வரை கிடைக்கும். புளூஸ்கையில் தானாகப் பதில் போடும் நிரல், அதாவது பாட், ஒன்றும் எழுதப் போகிறீர்கள் என்றால், மூல முகவரியைத் தாய்ப் பதிவிலிருந்து நகலெடுங்கள். தாய் தானே மூலமாக இருந்தால் மட்டும் இரண்டு இடத்திலும் அதே முகவரி. தாயையே மூலம் என்று எப்போதும் எழுதிவிடும் பாட்கள் நிறைய உலவுகின்றன. அவற்றின் பதில்கள் உண்மையான மூலத்தோடு சேராமல் நிற்கும்.